காய்க்கும் முன் கணிப்பது

எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளியானதும் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் கல்விக் கண்காட்சிகள் தொடங்கிவிடும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகளும் பெற்றோரும் வந்து, தனியார் கல்லூரிகளின் வண்ணத் துண்டறிக்கைகளைக் கைநிறைய வாங்கிப் போவார்கள். அந்தத் துண்டறிக்கைகளில் படிப்பின் பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழேயோ பின்பக்கத்து மூலையிலோ, கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுத்தான் வாசிக்க முடிகிற அளவில் ஒரு குறியீட்டு வரி இருக்கும். ‘என்’ அல்லது ‘ஆர்’ என்று ஓர் ஆங்கில எழுத்து, ஒரு சாய்கோடு, 345 போல ஓர் எண், இன்னொரு சாய்கோடு, 6 என்ற எண், ஒரு வரிசை எண், அடைப்புக்குறிக்குள் எம்கியூஏ என்ற எழுத்துகளும் மேலும் சில எண்களும், கடைசியில் ஒரு மாதமும் ஆண்டும். துண்டறிக்கையில் உள்ள எல்லாவற்றையும்விட எனக்கு இந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. மற்றவற்றைக் கல்லூரி தன்னைப் பற்றித் தானே சொல்கிறது. இந்த ஒரு வரியை மட்டும் நாடு சொல்கிறது.

இதை ஒருமுறை வாசிக்கப் பழகிவிட்டால் மறக்காது. முதல் எழுத்து ‘என்’ என்றால் படிப்பு புதியது, ‘ஆர்’ என்றால் ஒப்புதல் புதுப்பிக்கப்பட்ட படிப்பு. அடுத்து வருவது துறை எண். 345 மேலாண்மையையும் 344 கணக்கியலையும் 481 கணினி அறிவியலையும் 721 மருத்துவத்தையும் 723 தாதிமையையும் 380 சட்டத்தையும் குறிக்கும். மலேசியா இந்த எண்களைத் தானாக வைத்துக்கொள்ளவில்லை. யுனெஸ்கோவின் சர்வதேசக் கல்வி வகைப்பாட்டை அடியொற்றி ஐரோப்பாவில் விரித்து எழுதப்பட்ட பட்டியலிலிருந்து அவை வந்தன. அண்மையில் தொடங்கிய படிப்புகளில் நான்கிலக்க எண்ணைக் காணலாம், யுனெஸ்கோ தன் பட்டியலைப் புதுப்பித்ததன் விளைவு அது. துறை எண்ணுக்கு அடுத்த 6, படிப்பின் உயரத்தைச் சொல்கிறது. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் எட்டுப் படிகள் உண்டு: முதல் மூன்றும் சான்றிதழ்கள், நான்கு டிப்ளோமா, ஐந்து உயர் டிப்ளோமா, ஆறு இளங்கலை, ஏழு முதுகலை, எட்டு முனைவர் பட்டம். கடைசியில் உள்ள மாதமும் ஆண்டும் ஒப்புதல் காலாவதியாகும் நாள்.

மீதமிருப்பது அடைப்புக்குறிக்குள் உள்ள பகுதி. எம்கியூஏ என்பது மலேசியத் தகுதி முகமை. அதன் பின்னால் ‘எஃப்ஏ’ என்று இருந்தால் முழு அங்கீகாரம், ‘பிஏ’ என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம். (பழைய படிப்புகள் சிலவற்றில் ‘ஏ’ என்ற ஓரெழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கும்.) இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ‘பிஏ’ என்ற இரண்டெழுத்தைப் பற்றியதுதான்.

அந்த இரண்டெழுத்துக்குள் ஓர் அசாதாரணமான கேள்வி இருக்கிறது. இன்னும் நடக்காத ஒரு படிப்பு நல்ல படிப்பா என்று எப்படிச் சொல்வது? வகுப்பில் ஒரு மாணவர்கூட உட்காரவில்லை, ஒரு தேர்வுத்தாள்கூட திருத்தப்படவில்லை, அந்தப் பட்டத்தோடு யாரும் வேலைக்குப் போகவில்லை. ஆனாலும் ‘நடத்தலாம்’ என்றோ ‘கூடாது’ என்றோ அரசு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஏமாற்றுக்காரர்களுக்குக் கதவு திறந்துவிடும். எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் சொல்வேன் என்றால் எந்தப் புதிய படிப்பும் பிறக்காது.

கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் அதை அவர்கள் செம்பனையில் பார்த்திருப்பார்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இந்த மாவட்டத்தில்தான் உருவானது. 1917இல் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் அதை நட்டார். அன்று நட்டவை ‘டூரா’ வகை. அதன் கொட்டையைச் சுற்றித் தடித்த ஓடு இருக்கும், சதை குறைவு. பிற்காலத்தில் வந்த ‘தெனெரா’ என்ற கலப்பு வகையில் ஓடு மெல்லியது, சதை மிகுதி, எண்ணெய் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல். நாற்றங்காலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவராலும் பிரித்தறிய முடியாது. ஓராண்டு நாற்றங்கால், பிறகு நிலத்தில் நட்டு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு, அதன் பிறகு குலை தள்ளிப் பழத்தை வெட்டிப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். அதற்குள் நிலமும் உரமும் கூலியும் செலவாகியிருக்கும். 2013இல் மலேசியச் செம்பனை வாரியத்தின் விஞ்ஞானி ராஜிந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டறிந்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதன் பிறகு நாற்றின் இலைத் துணுக்கைச் சோதித்தே பழம் எப்படியிருக்கும் என்று சொல்ல முடிந்தது.

ஓர் இளங்கலைப் படிப்பும் மூன்று நான்கு ஆண்டு கழித்தே காய்க்கிறது. தற்காலிக அங்கீகாரம் என்பது அதற்குச் செய்யும் இலைச் சோதனை. ஒரு வேறுபாடு இருக்கிறது, பெரிய வேறுபாடு. படிப்புக்கு மரபணு கிடையாது. சோதிப்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் காகிதம்தான்.

அந்தக் காகிதத்தின் வழியைக் கொஞ்சம் பின்தொடர்வோம். தென்னமரம் தோட்டம் இருக்கும் அதே பெஸ்தாரி ஜெயாவில் யூனிசெல், அதாவது சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. 1999இல் சிலாங்கூர்த் தொழில்துறைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியது, இன்னொரு வளாகம் ஷா ஆலமில் உண்டு. உரிமை மாநில அரசுக்கு. ஆனாலும் சட்டப்படி அது தனியார் உயர்கல்வி நிலையம்தான், 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிலையங்கள் சட்டத்துக்கு உட்பட்டது. நம் ஊர்ப் பேச்சில் ஐபிடிஎஸ். மாநில அரசின் பல்கலைக்கழகமாகவே இருந்தாலும், அங்கே ஒரு புதிய பட்டப்படிப்பைத் தொடங்க வேண்டுமானால் கூட்டரசின் இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

முதலில் கல்வி நிலையமே தன் உள்மன்றங்களில் படிப்பை வடிவமைத்து ஏற்க வேண்டும். பிறகு தன்மதிப்பீட்டு ஆவணம் ஒன்றைத் தயாரித்து எம்கியூஏவுக்கு அனுப்ப வேண்டும். அதில் ஏழு பகுதிகள். படிப்பின் வடிவமும் கற்பிப்பும், மாணவர் மதிப்பீடு, மாணவர் தேர்வும் உதவியும், விரிவுரையாளர்கள், நூலகம் ஆய்வகம் போன்ற வசதிகள், நிர்வாகம், தொடர்ந்த மேம்பாடு. இளங்கலை கற்பிப்பவர் குறைந்தது முதுகலை முடித்தவராக இருக்க வேண்டும். விரிவுரையாளர்களில் குறைந்தது 60 விழுக்காட்டினர் முழுநேரத்தவராக இருக்க வேண்டும். இந்த ஆவணத்தை வேறு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த, அதே துறையில் பழுத்த மதிப்பீட்டாளர்கள் படிப்பார்கள். அவர்களுடைய அறிக்கை முகமையின் அங்கீகாரக் குழுவுக்குப் போகும். தற்காலிக அங்கீகாரம் கிடைத்த பிறகு, படிப்பை நடத்துவதற்கான ஒப்புதலை உயர்கல்வி அமைச்சிடம் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. முகமை தரத்தைப் பார்க்கிறது, அமைச்சு அனுமதியைத் தருகிறது. துண்டறிக்கையின் குறியீட்டு வரியில் இரண்டின் எண்களும் சேர்ந்தே இருப்பது இதனால்தான். 2010 முதல் சில பல்கலைக்கழகங்களுக்குத் தம் படிப்புகளைத் தாமே அங்கீகரித்துக்கொள்ளும் தகுதி வழங்கப்பட்டிருக்கிறது. அவற்றுக்கும்கூட மருத்துவம், பொறியியல் போன்ற தொழில்சார் படிப்புகளில் அந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே மருத்துவ மன்றமும் பொறியாளர் வாரியமும் உள்ளே வந்துவிடும். மலேசியாவின் பொறியியல் அங்கீகாரத்துக்கு உலக மதிப்பும் உண்டு. 2009இல் மலேசியா வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினராகச் சேர்ந்ததிலிருந்து, இங்கே அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகளும் இணையானதாக ஏற்கின்றன.

இந்த ஆவணத்துக்குள் என்னை மிகவும் வியக்க வைப்பது ஓர் எளிய எண், 40. ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேரக் கற்றல். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். பெருக்கிப் பாருங்கள், 4,800 மணி நேரம். எந்தத் துறையானாலும் எந்தக் கல்லூரியானாலும் ஒரு பட்டத்தின் எடை இதற்குக் குறையக் கூடாது. டிப்ளோமாவுக்கு 90 கிரெடிட், அதாவது 3,600 மணி.

அறிவை மணிக்கணக்கில் அளக்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஓய்வூதியப் பிரச்சினை ஒன்றிலிருந்து வந்தது. 1905இல் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். எந்த நிறுவனத்தைக் கல்லூரி என்று கணக்கில் எடுப்பது என்ற கேள்வி உடனே எழுந்தது. உயர்நிலைப் பள்ளியில் குறிப்பிட்ட அளவு படித்தவர்களை மட்டுமே சேர்ப்பது கல்லூரி என்று வரையறுத்தார்கள். அந்த அளவுக்கு ஓர் அலகு தேவைப்பட்டது. ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் வகுப்பில் படித்தால் ஓர் அலகு, பதினான்கு அலகு இருந்தால் கல்லூரியில் சேரலாம் என்று வைத்தார்கள். ஓய்வூதியம் வேண்டும் என்ற ஆசையில் கல்லூரிகள் விதியை ஏற்றன, பள்ளிகள் அதற்கேற்ப மாறின. 1910இல் மாரிஸ் குக் என்ற பொறியாளர் இதே சிந்தனையைப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுபோய் ‘மாணவர்-மணி’ என்ற கணக்கை முன்வைத்தார். தொழிற்சாலை வேலையை நிமிடங்களாகப் பிரித்து அளந்த ஃபிரெடரிக் டெய்லரின் வட்டத்தைச் சேர்ந்தவர் அவர். நூறாண்டுக்கு மேலான பிறகு, பெஸ்தாரி ஜெயாவின் ஒரு மாணவி மூன்று கிரெடிட் பாடத்துக்குப் பதிவு செய்யும்போது அந்தப் பழைய கணக்கின் வாரிசு ஒன்றைத்தான் கையில் வாங்குகிறாள்.

மலேசியக் கணக்கு அமெரிக்கக் கணக்கைவிட ஒரு படி முன்னேறியது. அது வகுப்பறை மணியை மட்டும் எண்ணுவதில்லை, மாணவர் கற்கச் செலவிடும் மொத்த நேரத்தையும் எண்ணுகிறது. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. பதினான்கு வாரம், வாரம் மூன்று மணி என்றால் வகுப்பில் கழிவது 42 மணிதான். மீதி 78 மணி எங்கே? நூலகத்தில், வீட்டு மேசையில், குழு வேலையில், தேர்வுக்குப் படிக்கும் இரவுகளில். ஒரு பருவத்தில் 16 கிரெடிட் எடுத்தால் மொத்தம் 640 மணி. தேர்வுக் காலத்தையும் சேர்த்துப் பதினெட்டு வாரமாகப் பரப்பினால் வாரத்துக்கு முப்பத்தைந்து மணிக்கும் மேல். அது ஒரு முழுநேர வேலை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த 78 மணியை ஒப்புதல் ஆவணம் எல்லா மாணவருக்கும் சமமாக எழுதிவைக்கிறது. தோட்டத்து லயத்திலோ, தோட்டம் மூடிய பிறகு குடிபோன மலிவுவிலை வீட்டிலோ இருந்து படிக்கும் பிள்ளையிடம் அந்த 78 மணி இருக்கிறதா? பேருந்து குறைவான பாதைகளில் மோட்டார் சைக்கிளில் போய்வர வேண்டும், மாலையில் கடையிலோ எண்ணெய் நிலையத்திலோ பகுதிநேர வேலை பார்க்க வேண்டும், வீட்டில் தம்பி தங்கைகளைக் கவனிக்க வேண்டும். படிப்பின் தரத்தை அளந்தவர்கள் தவறு செய்யவில்லை. ஆனால் அவர்கள் அளந்த நேரத்தை யாராவது அந்தப் பிள்ளைக்கு வாங்கித் தர வேண்டும். உபகாரச் சம்பளம், தங்கும் விடுதி, பேருந்து, இரவில் திறந்திருக்கும் நூலகம் ஆகியவை அந்த 78 மணியின் விலை. ஏழு பகுதிகளில் ஒன்று மாணவர் உதவி என்பதை மதிப்பீட்டாளர்கள் கடுமையாகவே படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கற்பிப்பதற்கு அனுமதி என்ற கருத்து மணிக்கணக்கைவிடப் பழமையானது. இடைக்கால ஐரோப்பாவில் பட்டம் என்பதே கற்பிக்கும் உரிமம்தான். பாரிசில் அதைக் கொடுத்தவர் நோத்ரு தாம் பேராலயத்தின் அதிகாரி. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் திருச்சபைப் பேரவை, உரிமத்துக்குக் காசு வாங்கக் கூடாது, தகுதியுள்ளவருக்கு மறுக்கவும் கூடாது என்று விதித்தது. உரிமம் விற்கப்பட்டதால்தான் அப்படி ஒரு விதி தேவைப்பட்டது. 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், எந்தக் கல்லூரியிலும் படிக்காதவரும் தன் தேர்வை எழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது. கற்பிப்பது ஒருவர், தேர்வு வைப்பது வேறொருவர். கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி தன் மாணவர்களை லண்டன் பட்டத்துக்கே தயார் செய்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய்ப் படித்த தமிழர் பலரின் பட்டங்களில் லண்டனின் பெயர் இருப்பது இப்படித்தான்.

மலேசியாவில் 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் பட்டம் தரும் உரிமையை அரசிடமே வைத்திருந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காதவர்களுக்காக 1980களில் தனியார் கல்லூரிகள் ஒரு வழி கண்டன. ஓராண்டோ இரண்டாண்டோ இங்கே படிப்பு, மீதி பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ, பட்டம் அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துடையது. கடல் கடந்து போகப் பணம் இருந்தவர்களுக்கே அந்த வழி. 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் இன்னொரு சட்டத்தின்கீழ் தேசிய அங்கீகார வாரியம் அமைந்தது. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்து ரிங்கிட் சரிந்தது. நெருக்கடிக்கு முன் டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்ற அளவில் இருந்தது, 1998 செப்டம்பரில் 3.80 என்று நிலைநிறுத்த வேண்டியதாயிற்று. வெளிநாட்டுக் கடைசி ஆண்டுக்குப் பணம் கட்ட முடியாமல் குடும்பங்கள் தவித்தன. அப்போதுதான் மூன்றாண்டையும் இங்கேயே முடித்து வெளிநாட்டுப் பட்டம் வாங்கும் ‘3+0’ முறை பரவியது. இன்று நாம் காணும் தனியார் பட்டப்படிப்புகளின் காடு அந்தச் சில ஆண்டுகளில் வேர்விட்டது. 2007 நவம்பரில் அந்த வாரியமும் அமைச்சின் தர உறுதிப் பிரிவும் இணைந்து எம்கியூஏ ஆனது.

முன்கூட்டிச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஒரு சான்று இருக்கிறது. சத்தீஸ்கர் மாநிலம் 2002இல் தனியார் பல்கலைக்கழகங்களுக்கான ஒரு சட்டம் இயற்றியது. அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும், பல்கலைக்கழகம் பிறந்துவிடும். குறுகிய காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவை பிறந்தன. பலவற்றுக்குக் கட்டடமோ வளாகமோ இல்லை. அண்டக்கதிர் ஆய்வாளரும் பல்கலைக்கழக மானியக் குழுவின் முன்னாள் தலைவருமான பேராசிரியர் யஷ் பால் உச்ச நீதிமன்றம் போனார். 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது, அந்தப் பல்கலைக்கழகங்கள் மறைந்தன. ஏற்கெனவே சேர்ந்திருந்த மாணவர்களை ஏற்கெனவே உள்ள பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழிசெய்யும்படி நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஓர் இயற்பியலாளர் தன் எழுபதுகளின் இறுதியில் இதற்காக வழக்காடினார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மீது மதிப்பு கூடுகிறது.

ஆனால் ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியாக நன்றாகச் சோதித்தாலும் தவறிப்போகும் ஒன்று உண்டு. அதைக் கற்றுக்கொடுத்தது தாதிமை. 2000களில் மலேசியாவில் தனியார் தாதியர் கல்லூரிகள் பெருகின. பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடைத்தது, வெள்ளைச் சீருடை கண்முன் நின்றது, உடனே வேலை என்று நம்பிக்கை இருந்தது. எஸ்பிஎம்மில் மூன்று பாடங்களில் ‘கிரெடிட்’ தேர்ச்சி போதும் என்பதால் தோட்டப்புறப் பெண்பிள்ளைகள் பலருக்கு அதுவே எட்டக்கூடிய முதல் படியாக இருந்தது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு படிப்பும் காகிதத்தில் தேறியது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது மருத்துவமனைகளில் இருந்த இடங்களைவிடவும், பயிற்சி தர இருந்த படுக்கைகளைவிடவும் மாணவிகள் அதிகம். டிப்ளோமா கையில் இருந்தும் வேலையில்லாமல், கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய நிலையில் பல பெண்கள் நின்றார்கள். 2010இல் புதிய தாதிமைப் படிப்புகளுக்கு ஒப்புதல் நிறுத்தப்பட்டது, சேர்க்கைத் தகுதி ஐந்து பாடங்களில் ‘கிரெடிட்’ என்று உயர்ந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் முதல் புதிய மருத்துவப் படிப்புகளுக்கும் தடை வந்தது. ஒரு படிப்பை நடத்தலாமா என்ற கேள்வியோடு, இப்படிப்பட்ட படிப்பு நாட்டில் இன்னொன்று வேண்டுமா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதற்குக் கொடுத்த விலை அது. கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள்.

தோட்டத்து மக்களுக்கு அரசு விதிகளோடு இதைவிடப் பழைய அனுபவமும் இருக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளிகள் எழுந்தன. கொட்டகை ஒன்றில் கிராணியோ கங்காணியோ, எழுத்துத் தெரிந்த ஒரு தொழிலாளியோ பாடம் நடத்திய இடங்கள் பல. விதி கேட்டது பள்ளி இருக்கிறதா என்று. பிள்ளை என்ன கற்றது என்று விதி கேட்கவில்லை. கட்டடம், ஆசிரியர், பெயர்ப்பட்டியல் என்று உள்ளே போவதை மட்டும் எண்ணிய காலம் அது. இன்றைய தகுதிக் கட்டமைப்பு வெளியே வருவதைக் கேட்கிறது. படிப்பை முடித்தவர் எதை விளக்க முடியும், எதைச் செய்ய முடியும், பிறரோடு எப்படி வேலை செய்வார், எதற்குப் பொறுப்பேற்பார் என்பதை ஒவ்வொரு பாடத்துக்கும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அனுபவத்தையும் அது கணக்கில் எடுக்கிறது. 21 வயது கடந்தவர், வேலை அனுபவத்தை ஆவணப்படுத்தி, தேர்வொன்றில் தேறினால், எஸ்டிபிஎம் போன்ற முன்தகுதி இல்லாமலே இளங்கலையில் சேர வழி உண்டு. ஏபெல் என்று அதற்குப் பெயர். தோட்டத்து ஆலையில் பத்தாண்டு இயந்திரம் ஓட்டிய ஒருவருக்கு இந்த வழி திறந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இனி அந்த ‘பிஏ’க்குத் திரும்பலாம். தற்காலிக அங்கீகாரத்தோடு படிப்பு தொடங்கும், முதல் பேட்ச் சேரும். அந்த பேட்ச் இறுதியாண்டை எட்டும்போதுதான் கல்வி நிலையம் முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும். இப்போது மதிப்பீட்டாளர்கள் காகிதத்தோடு நிற்பதில்லை. வளாகத்துக்கே வருவார்கள், ஆய்வகத்தைத் திறக்கச் சொல்வார்கள், திருத்திய தேர்வுத்தாள்களைப் புரட்டுவார்கள், ஆவணத்தில் காட்டிய விரிவுரையாளர்கள் உண்மையில் இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். தேறினால் ‘எஃப்ஏ’ எண் கிடைத்துப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் ஏறும். தேறாவிட்டால் நிபந்தனைகள், காலக்கெடு, மறுப்பு, மேல்முறையீடு என்று வழி நீளும். அத்தனை நாளும் முதல் பேட்ச் பிள்ளைகள் காத்திருப்பார்கள். அவர்கள் படித்து முடித்தால்தான் படிப்பு நிறுவப்படும். படிப்பு நிறுவப்பட்டால்தான் அவர்கள் பட்டத்துக்கு முழுப் பலம் வரும்.

இதனால் ‘பிஏ’ உள்ள படிப்பில் சேரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. யாராவது முதல் பேட்சாக இருந்தே ஆக வேண்டும், நாட்டின் நல்ல படிப்புகள் எல்லாமே ஒருநாள் அப்படித்தான் தொடங்கின. ஆனால் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் ஒரு வீட்டில், அந்த இரண்டெழுத்தின் பொருளை யாராவது கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கல்லூரியின் பெயரைத் தட்டினால் முழு அங்கீகாரம் பெற்ற படிப்புகள் வரும், தற்காலிக அங்கீகாரம் பெற்றவற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு. இரண்டிலும் இல்லாத படிப்பை, முகவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், விட்டுவிட வேண்டியதுதான். எஸ்பிஎம்மோடு நேராக இளங்கலையில் சேர்க்கிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். இடையில் எஸ்டிபிஎம்மோ அடித்தளப் படிப்போ டிப்ளோமாவோ இருந்தாக வேண்டும். கல்லூரியின் பெயர் பெரியதாக இருப்பதும் போதாது. அங்கீகாரம் கல்லூரிக்குத் தரப்படுவதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில், ஒரு படிப்புக்கு இருக்கலாம், பக்கத்து வகுப்புக்கு இல்லாமல் போகலாம்.

முதல் பேட்சில் சேர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி. இறுதியாண்டில் மதிப்பீட்டாளர்கள் வரும்போது மாணவர்களைத் தனியாகச் சந்திப்பது அவர்களுடைய வேலையின் ஒரு பகுதி. அந்த அறையில் நிர்வாகத்தினர் இருக்க மாட்டார்கள். நூலகத்தில் வேண்டிய புத்தகம் கிடைத்ததா, பருவத்தின் நடுவில் விரிவுரையாளர் எத்தனை முறை மாறினார், தொழிற்பயிற்சிக்குக் கல்லூரி இடம் தேடித் தந்ததா அல்லது நீங்களே அலைந்தீர்களா, திருத்திய தாள் திரும்பக் கைக்கு வந்ததா என்று கேட்பார்கள். அழைப்பு வந்தால் போங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள், நல்லதையும் சேர்த்து. மலாயிலோ ஆங்கிலத்திலோ சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, முந்தைய இரவே தாளில் எழுதி எடுத்துப் போகலாம்.